தமிழ்ச் சொல்லிசையின் தோற்றம்

‘ஹிப் ஹாப்’ எனும் சொல்லிசை சென்னைத் திரையுலகிற் பிறந்தது என்பார், ‘காதலன்’ (1994) படத்தின் ‘பேட்டை ராப்’ பாடலைச் சான்று காட்டுவர். அது தனிப்பாட்டே, ஒரு குழுவின் தொழிலாக நிலைத்ததன்று. அந்நிலையை மலேசியாவிற் காண்கிறோம். ‘பொயட்டிக் அம்மோ’ குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1998-இல் வெளிவந்தது. அக்குழுவினரான யோகி பி, பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவருடன் ‘நட்சத்திரா’ எனும் பெயரில் இணைந்து 2006-இல் ‘வல்லவன்’ தொகுப்பை அளித்தார். அதிலுள்ள ‘மடை திறந்து’, ‘நிழல்கள்’ (1980) படத்துக்கு இளையராஜா அமைத்த பாடலை அடித்தளமாகக் கொண்டது. செவிக்குப் பழகிய மெட்டின்மேற் புதுச்சொல் அடுக்கிய இம்முறையே தமிழரிடை அதனைப் பரப்பிற்று என்பது எம் துணிபு.

தகடூரில், அஃதாவது இன்றைய தருமபுரியில், அதியமானை ஔவையார் பாடிய மரபோடு இதனை இணைத்தல் எளிது. ஆயினும் ஆங்குப் பாடப்பெற்றவன் புரவலன், ஈங்குப் பாடுவோன் தன்னையே பாடுகிறான். யோகி பி ‘பொல்லாதவன்’ படத்திற் பாடியது 2007-இல். சென்னையின் ‘ஹிப் ஹாப் தமிழன்’ தொகுப்பு வெளிவந்ததோ 2012-இல்தான்.