ஐஸ் வைக்கச் சொன்னவரே மாத்திச் சொன்ன கதை

கால் பிசகினா ஐஸ் வை. இந்தப் பழக்கத்தை ஊரெல்லாம் பரப்பினதுல பெரிய பங்கு கேப் மிர்கின் என்கிற அமெரிக்க டாக்டருக்கு உண்டு. 1978-ல் வந்த விளையாட்டு மருத்துவப் புத்தகத்தில் அவர் ‘ரைஸ்’ என்று ஒரு ஃபார்முலா கொடுத்தார்: ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, உயர்த்தி வை. அவர் சொன்னது அடிபட்ட காலுக்கு. வீரர்களோ வொர்க்அவுட் வலிக்கும் ஐஸ் தொட்டியில் இறங்கினாங்க.

லாஜிக் சிம்பிள்: வீக்கம் கெட்டது, குளிர் அதைக் குறைக்கும். ஆனா வீக்கம்ங்கிறது ரிப்பேர் வேலை ஆரம்பிச்சதோட அடையாளம். ரத்தத்தோட வர்ற செல்கள்தான் சேதமான திசுவைச் சுத்தம் பண்ணி, புதுசா வளரத் தூண்டுது. ஐஸ் ரத்தக்குழாயைச் சுருக்கினா அந்த ஆட்கள் எப்படி வருவாங்க?

2014-ல் மிர்கினே தன் வெப்சைட்டில் எழுதினார்: ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம். 36 வருஷம் கழிச்சு, தன் பேர் சொல்லும் ஃபார்முலாவையே! எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 12 வாரம், வாரத்துக்கு 2 நாள் வெயிட் ட்ரெய்னிங். முடிச்சதும் ஒரு குரூப் 10 டிகிரி தண்ணியில 10 நிமிஷம் உட்கார்ந்தது. இன்னொண்ணு மெதுவா சைக்கிள் மிதிச்சது. தண்ணியில இருந்தவங்களுக்குத் தசையும் பலமும் குறைவாத்தான் கூடிச்சு.

நாளைக்கே அடுத்த மேட்ச்னா, வலி குறையறதே பெரிய லாபம், தொட்டியில இறங்கலாம். தசை வளரணும்னு ஜிம்முக்குப் பணம் கட்டுறவங்க, வெயிட் தூக்கின கையோட இறங்க வேண்டாம். அடிபட்ட காலுக்கு? வலிக்குக் கொஞ்ச நேரம் வைங்க, 6 மணி நேரம் தாண்டினா தேவையில்லைனு மிர்கின் அதே கட்டுரையில சொல்லியிருக்கார்.