எத்தனை காலமாக?

மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், நுரைதள்ளி மண்ணில் புரளும் தன் மகனை ஒரு தந்தை இயேசுவிடம் கொண்டு வருகிறார். குணமளிக்கு முன், இது எத்தனை காலமாக உள்ளது என்று இயேசு அத்தந்தையை வினவுகிறார். எல்லாம் அறிந்தவருக்கு இவ்வினா எதற்கு? மனநலச் செவிலியர் இதற்கு உடனே விடை கூறுவர். நோயாளியுடன் வந்த வீட்டாரிடம் அவர்கள் தொடக்கத்திலேயே கேட்பதும் இதுவே. கேட்டதும் தந்தையின் வாய் திறக்கிறது. நெருப்பிலும் நீரிலும் மகன் விழுந்த கதையெல்லாம் வெளிவருகிறது.

மனநோயாளரைப் பேணிய வரலாற்றில் இவ்வினா நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. 1495இல் பிறந்த கடவுளின் புனித யோவான், கிரானடா நகரில் மனம் பேதலித்தவரெனக் கருதப்பட்டு அரச மருத்துவமனையில் அடைபட்டார், சாட்டையடியும் பட்டார். அக்காலச் சிகிச்சை அது. (அவரையே திருச்சபை 1930இல் செவிலியரின் பாதுகாவலராக்கியது.) சென்னையில் 1794இல் வாலண்டைன் கொனலி தொடங்கிய காப்பகத்தின் மரபு 1871இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய மருத்துவமனையாயிற்று. நாளடைவில் அவ்வூர்ப் பெயரே நம்மிடையே ஏளனச் சொல்லாயிற்று. மதிலுக்குள் விடப்பட்டவர் பலர் வீட்டாருக்கு அந்நியராயினர்.

இந்நிலையை மாற்றும் முயற்சி நம் நாட்டிலேயே எழுந்தது. அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர், 1950களில் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளருடன் குடும்பத்தாரையும் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநலப் பணி, பாகாயத்தில் இதே நெறியில் வளர்ந்தது. அங்கே உறவினர் உடன்தங்குவது சிகிச்சையின் ஒரு பகுதி.

இதனால் விளைந்த நன்மை பெரிது. மருந்தைச் சோற்றில் மறைத்துப் பிசையாமல், இன்னதற்கு இம்மருந்து என்று சொல்லிக் கொடுப்பதைத் தாய் அருகிருந்து காண்கிறாள். மகன் சினந்தால் குரலுயர்த்தாமல் சற்று விலகி நிற்பதைக் காண்கிறாள். உறக்கம் குறைவதும் தனித்திருப்பதும் நோய் திரும்புவதன் அறிகுறிகளாகலாம் என்று கற்கிறாள். செவிலியும் தாயிடம் கற்கிறாள்: எதைச் சொன்னால் அவன் உண்பான், எவர் பெயர் கேட்டால் கலங்குவான் என்பதெல்லாம் தாய்க்கன்றி யாருக்குத் தெரியும்? இலண்டனில் ஜார்ஜ் பிரௌன் குழுவினர் 1950கள் தொடங்கிச் செய்த ஆய்வுகள், ஓயாத குறைகூறல் நிறைந்த வீட்டுக்குத் திரும்பியவரிடம் நோய் மீள்வது மிகுதி என்று காட்டின. ஆயின் இதைக் கொண்டு பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கொடுமை. களைத்த வாய்தான் கடுஞ்சொல் பேசும். அக்களைப்பைக் கேட்க ஒரு செவி வேண்டும்.

அச்செவி கிட்டாத இடத்தில் நேர்ந்ததை நாம் அறிவோம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியுமுன், ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அன்று ஆண்டவரின் உருமாற்ற விழா. உருமாறிய மலையினின்று இயேசு இறங்கி வந்ததும் சந்தித்தவர்தாம் நாம் மேலே கண்ட தந்தை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. நோயாளியின் மறைவான செய்திகளைக் காக்கவும் அது பணிக்கிறது. எனவே, வீட்டார் கேட்பதையெல்லாம் செவிலியர் சொல்லிவிட இயலாது. ஆயினும் வீட்டார் சொல்வதைக் கேட்பதற்குத் தடை ஏதுமில்லை.

பிளவக்கல் அணையடிச் சிற்றூர்களிலும், திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்திலும் மனம் நொந்தவரை முதலில் கோவிலுக்கோ, தர்காவுக்கோ, நம் அந்தோனியார் திருத்தலங்களுக்கோ அழைத்துச் செல்வோர் இன்றும் உளர். அவர்களை மூடர் என இகழ்வது எளிது. நல்ல செவிலி அவ்வாறு இகழமாட்டாள்; எந்தத் தலத்துக்குச் சென்றீர்கள், அங்கே எத்தனை நாள் இருந்தீர்கள், அதன்பின் தூங்கினானா என்றே கேட்பாள். திருத்தலங்களை நடத்தும் நாம் ஒன்று செய்யலாம். நேர்ச்சைப் பொருள் விற்கும் கடைக்கு இடம் ஒதுக்கும் முற்றத்தில், வாரம் ஒருநாளேனும் பயிற்சிபெற்ற மனநலச் செவிலி ஒருவர் அமர ஒரு மேசையும், வந்தவர் அமர இரண்டு நாற்காலிகளும் இடலாம். ஒன்று நோயாளிக்கு, மற்றொன்று அவரை அழைத்து வந்தவருக்கு.