பெருக்க மரத்துக்கு ஊர் எது?

மன்னார் நகரிலிருந்து பள்ளிமுனைப் பக்கம் செல்வோர், அங்கு நிற்கும் பெருக்க மரத்தைப் பாராமல் திரும்புவதில்லை. அதன் உயரம் ஏறத்தாழ 7.5 மீட்டர்தான். அடிமரத்தின் சுற்றளவோ ஏறத்தாழ 19.5 மீட்டர். பத்திரிகைப் பணியில் நான் கழித்த ஆண்டுகளில் இம்மரத்தைப் பற்றிப் பல தடவைகள் எழுதியிருக்கிறேன். எழுதிய ஒவ்வொரு தடவையும் ‘அரேபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டது’ என்ற ஒரு வரியையும் தவறாமல் சேர்த்திருக்கிறேன். அந்த வரிக்கு ஆதாரம் யாது என்று ஆசிரியபீடத்தில் எவரும் என்னைக் கேட்டதில்லை. எனக்கு முன்னர் எழுதியவர்கள் அவ்வாறு எழுதியிருந்தார்கள், நானும் எழுதினேன்.

கேட்டவர் தாராபுரத்துப் பெரியவர் ஒருவர். நான் குறிப்பிடுவது கொங்கு நாட்டுத் தாராபுரத்தை அல்ல. மன்னார்த் தீவில், முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தாராபுரத்தை. அவருடைய வீட்டுத் திண்ணையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது பேச்சு மரத்தின் பக்கம் திரும்பியது.

“தம்பி, அந்த மரத்தை ஆர் கொண்டுவந்தது எண்டு நீங்க பேப்பரில எழுதிறீங்க. எங்களையும் அதே கப்பல்ல வந்த ஆக்கள் எண்டுதான் கனபேர் சொல்லுறாங்க. வந்து எத்தனை நூறு வருசம் போனா ஒண்டு இந்த ஊருக்குச் சொந்தமாகும்?” என்றார்.

அவருக்கு உடனடியாக மறுமொழி கூற என்னால் முடியவில்லை. ஊர் திரும்பியதும், முதலில் மரத்தின் கதையையேனும் ஒழுங்காகப் படித்துவிடுவோம் என்று முற்பட்டேன்.

பெயரிலிருந்து தொடங்குவோம். ஈழத்தில் பெருக்க மரம் என வழங்கும் இதனைத் தமிழகத்தில் ஆனைப்புளி, பொந்தன்புளி, பப்பரப்புளி என்றெல்லாம் அழைப்பர். பப்பரம் என்பது பழந்தமிழில் அயல்நாடொன்றைக் குறித்த சொல். ஆகவே, இது வெளியிலிருந்து வந்த மரம் என்ற நினைவு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 1749இல் செனகலுக்குச் சென்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர் மிஷேல் அதான்சன் இம்மரத்தை விரிவாக ஆராய்ந்தார். அவர் நினைவாகவே லின்னேயஸ் 1759இல் இதற்கு ‘அதான்சோனியா டிஜிட்டேட்டா’ என்று பெயர் சூட்டினார். இப்பேரினத்தில் 8 இனங்கள் உள்ளன. அவற்றுள் 6 மடகாஸ்கரிலும், ஒன்று அவுஸ்திரேலியாவின் வடமேற்கிலும், எஞ்சிய ஒன்று ஆபிரிக்கப் பெருநிலத்திலும் இயற்கையாக வளர்பவை. மன்னாரில் நிற்பது ஆபிரிக்க இனம்.

இலை, பூ, காய் ஆகியவற்றைப் பார்த்தே தாவரவியலாளர் இதனைக் கூறிவிடுவர். ஆனால் இலையும் பூவும் இல்லாத ஒரு துண்டு மட்டும் கையில் கிடைத்தால் என்ன செய்வது? அதற்குத்தான் இன்று டி.என்.ஏ. பார்கோடு என்னும் முறை இருக்கிறது. கடையில் பொருளின் மேலுள்ள கறுப்புக் கோடுகளைப் பொறி வாசித்துப் பெயரைக் காட்டுவதுபோல, உயிரினத்தின் மரபணுவில் குறிப்பிட்ட ஒரு சிறு பகுதியை வாசித்து, ஏற்கெனவே சேர்த்துவைக்கப்பட்ட தரவுகளுடன் ஒப்பிட்டு, இனத்தின் பெயரைக் கூறும் முறை இது. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் ஹெபர்ட்டும் அவருடைய சகாக்களும் 2003இல் இதனை முன்மொழிந்தனர். விலங்குகளுக்கு அவர்கள் தேர்ந்தது இழைமணியில் உள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட பகுதி. தாவரங்களில் அப்பகுதி மிக மெதுவாகவே மாறுவதால் இனங்களைப் பிரித்துக்காட்டாது. எனவே பச்சையவுருமணியில் உள்ள ஆர்.பி.சி.எல்., மட்-கே என்னும் இரு பகுதிகளைத் தாவரங்களுக்குரிய பொதுக் குறியீடாக 2009இல் விஞ்ஞானிகள் பரிந்துரைத்தனர்.

இம்முறையின் பயனை மன்னார் வாசகர்களுக்கு விளக்கக் கடலட்டை ஒன்றே போதும். அவித்து உலர்த்திய பின்னர் கடலட்டைகள் சுருங்கி, ஒன்றைப்போல் ஒன்று தோன்றும். அனுபவமுள்ள கண்களும் சில வேளைகளில் ஏமாறும். அதில் ஒரு துணுக்கை எடுத்து மரபணுவை வாசித்தால் இனம் தெரிந்துவிடும். கடற்பசுவின் இறைச்சித் துண்டுக்கும் சுறாத் துடுப்புக்கும் இதே வழிதான். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்தியா 2001இல் எல்லாக் கடலட்டைகளையும் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்த்து, அவற்றைப் பிடிப்பதைத் தடை செய்தது. இலங்கையில் அனுமதிப்பத்திரத்துடன் பிடிக்கலாம். இருபுறமும் வாழ்வது ஒரே இனமாயின், அது எந்தக் கரையில் பிடிபட்டது என்பதைப் பார்கோடு கூறாது. அதற்கு இனத்தின் பெயர்தான் தெரியும். கடலில் மனிதர் வகுத்த எல்லை தெரியாது.

பெருக்க மரத்தின் நிலையும் இதுவே. பார்கோடு ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து பிரிப்பதற்காக ஆக்கப்பட்டது. மன்னார் மரத்தின் இலையை வாசித்தால் ஆபிரிக்க இனத்தின் பெயர் கிடைக்கும். ஆபிரிக்காவின் எந்தக் கரையிலிருந்து, யாருடைய கையில், எந்த நூற்றாண்டில் வந்தது என்பதற்கு அதில் விடையில்லை. ஒரே இனத்துக்குள் உறவுமுறை காண்பதற்கு இன்னும் நுட்பமான வேறு மரபணுக் குறிகள் தேவை.

அவ்வாறான ஆய்வொன்றைக் கேரன் பெல், ஹரிப்பிரியா ரங்கன் ஆகியோர் மேலும் இருவருடன் சேர்ந்து 2015இல் வெளியிட்டனர். ஆபிரிக்கா, இந்தியா, மொரிஷியஸ் உள்ளிட்ட மஸ்கரீன் தீவுகள், மலேசியா ஆகிய இடங்களின் மரங்களை, மரபணுவில் எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் 10 இடங்களைக் கொண்டு அவர்கள் ஒப்பிட்டனர். இந்தியத் துணைக்கண்டத்து மரங்களுக்கு நெருங்கிய உறவினர், மொம்பாசா முதல் தார் எஸ் சலாம் வரையிலான கிழக்காபிரிக்கக் கரையில் இருந்தனர். ஆனால் தென்கிழக்கு இந்தியாவின் மரங்களோ மஸ்கரீன், மலேசிய மரங்களைப்போல மேற்காபிரிக்க மரங்களுடன் ஒரே தொகுதியில் அடங்கின. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர்களின் குடியேற்றத் தொடர்புகள் வழியாக அவை வந்தன என்பது ஆய்வாளர் முடிவு. பெருக்க மரம் ஒரே தடவையில் அன்றி, முன்னர் எண்ணியதைவிட நீண்ட காலப்பரப்பில், பல தடவைகளில் இக்கரைகளை வந்தடைந்தது என்பதே அவர்கள் கண்டது.

அதாவது, பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ள மரங்களுக்கே ‘அரேபிய வணிகர்’ என்ற ஒற்றை வரி போதவில்லை. அவ்வாய்வுக்கு மரங்கள் எடுக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே பள்ளிமுனை மரத்துக்கு நான் எழுதிவந்த வரி, மரபணு ஆய்வு எதையும் சார்ந்ததன்று. செவிவழி மரபை மட்டுமே சார்ந்தது.

செவிவழி மரபை நான் இகழவில்லை. மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலத்தில் இருக்கும் மாந்தை பழம்பெரும் துறைமுகம். அங்கு நடந்த அகழ்வில் கிடைத்த கிராம்பு ஒன்று கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது என 2018இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இந்தோனேசியத் தீவுகளின் கிராம்பு மாந்தைக்கு வந்த உலகில், ஆபிரிக்காவின் விதையொன்று அரபுக் கப்பலில் வந்திருப்பதற்குத் தடையில்லை. ஆனால் கப்பலில் வணிகர் மட்டுமா வந்தனர்? கிழக்காபிரிக்காவில் சம்பேசி, கில்வா பகுதிகளின் மரங்கள் பல தொகுதிகளின் கலப்பாக இருப்பதற்கு, 15ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை உள்நாட்டிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவரப்பட்ட மக்களின் வரலாறு காரணமாகலாம் என அதே ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மன்னார் 1560இல் போர்த்துக்கேயர் வசமும் 1658இல் ஒல்லாந்தர் வசமும் பின்னர் ஆங்கிலேயர் வசமும் ஆயிற்று. இவர்கள் படைவீரராகவும் ஊழியராகவும் இத்தீவுக்குக் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழ்கின்றனர். பெருக்க மரத்தின் கதையில் அவர்களுக்கும் ஓர் இடம் இருக்கக்கூடும் என்பது, நான் எழுதிய எந்தக் கட்டுரையிலும் எனக்குத் தோன்றியதில்லை.

புத்தளம் என்று எழுதும்போது தாராபுரம் மீண்டும் நினைவுக்கு வருகிறது. 1990 ஒக்டோபரில், வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர், பெரும்பாலான உடைமைகளை விட்டுச் சென்றனர். மன்னார்த் தீவு மக்கள் படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. 2009இல் போர் முடிந்த பின்னர் திரும்பியோர் உண்டு. திரும்ப முடியாதோரும் உண்டு. ஒரு மக்கள் கூட்டத்தை இவ்வாறு பெயர்த்தெறிவதற்கு ‘இவர்கள் வந்தேறிகள்’ என்ற எண்ணம் எவ்வளவு துணைசெய்யும் என்பதைத் தமிழராகிய நாம் அறியாதவர்கள் அல்லர். அதே சொல்லைத் தென்னிலங்கையில் நம்மை நோக்கிக் கூறியபோது எவ்வளவு கொதித்தோம்! ஆனால் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் போனபோது நம்மில் பலர் வாய் திறக்கவில்லை. எழுதுகோல் பிடித்தவர்களும் அதற்கு விலக்கல்ல.

மரத்தைக் கப்பலில் வந்ததாக எழுதியது குற்றமன்று. ஆராயாமல் எழுதியதும், அந்த வரியை வாசிக்கும் தாராபுரத்தாரின் காதில் அது எவ்வாறு விழும் என்று எண்ணாமல் எழுதியதுமே என் தவறு. ஓர் இனத்தின் பெயரை மரபணு கூறும். நுட்பமாகப் பார்த்தால் அதன் உறவினர் எங்கே இருக்கின்றனர் என்பதையும் கூறும். அது எந்த ஊருக்குச் சொந்தம் என்பதைக் கூறுவது மரபணுவின் வேலையன்று. அக்கேள்விக்கு விடை வேண்டின், அங்கு வேரூன்றி வாழ்ந்த காலத்தைத்தான் பார்க்கவேண்டும்.

அடுத்த முறை பெருக்க மரத்தைப் பற்றி எழுத நேர்ந்தால் இவ்வாறு எழுதுவேன்: ‘ஆபிரிக்க இனம், கடல் வழியாக வந்தது, அரேபியர் கொண்டுவந்ததாக மன்னார் மக்கள் கூறுவர், பல நூற்றாண்டுகளாக மன்னாரின் மரம்.’ தாராபுரத்துப் பெரியவரின் கேள்விக்கு இது முழுமையான மறுமொழியாகாது என்பதை அறிவேன். எனினும் அவரிடம் மீண்டும் போகும்போது, இந்த வரியையேனும் அவர் முன்னால் வாசித்துக் காட்டலாம்.