கால்வாயை வெட்டியவர்களும் கரையில் குடியிருப்பவர்களும்



ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் வடசென்னை மூழ்கும்போது ஒரு சொல் தவறாமல் வந்துவிடுகிறது: ஆக்கிரமிப்பு. அந்தச் சொல் கால்வாய்க் கரையில் இருக்கும் குடிசையை நோக்கியே விரல் நீட்டும். இந்த நகரத்தின் நீர்வழிகளை வெட்டியவர் யார், மூடியவர் யார் என்பதை இந்த நினைவு நாளில் நாம் வரலாற்றிலிருந்தே கேட்போம்.

பேசின் பிரிட்ஜிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் கால்வாய் 1806-ல் முடிந்தது. பேசில் காக்ரேன் என்ற வணிகரின் பொறுப்பில் இருந்ததால் அது காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. சரக்குப் படகுகளுக்காக வெட்டப்பட்டாலும், கடலோரத் தாழ்நிலத்தில் ஓடியதால் மழைநீருக்கும் அதுவே வழியானது. பின்னர், 1859-60-ல் ஆளுநராக இருந்த டிரெவெல்யன் முயற்சியில், இன்றைய சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி 'பீப்பிள்ஸ் பார்க்' உருவானது. 116 ஏக்கர் பரப்பு, 11 குளங்கள். அழகுக்காக வைத்த குளங்கள்தாம்; ஆனால் மழை பெய்தால் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் பள்ளமும் அவையே.

1876-78 தாது வருடப் பஞ்சம் வந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக 1877-78-ல் வெட்டப்பட்டது. 1877-ன் தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த நிவாரணக் கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். உழைப்பவன் உடலுக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் நிலமற்ற கூலிகள். செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்தக் கூலிகளில் பெரும்பகுதி நம் மக்கள். மண்வெட்டி பிடித்த கைகள் எவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கால்வாய்க்கோ ஆளுநர் பக்கிங்ஹாம் பெயர் வைத்தார்கள்.

அந்த மக்கள் ஏன் கரையில் குடியேறினார்கள்? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையைப் படியுங்கள். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் தயவில்தான் என்பதை அது பதிவுசெய்கிறது. 1892-ன் பஞ்சமி நில ஆணை அதிலிருந்தே பிறந்தது. ஊரில் மனையில்லாதவர் துறைமுகத்துக்கும் ஆலைக்கும் கூலியாக வந்தபோது, இவர்களுக்கு மிஞ்சியது புறம்போக்கு.

மூடியவர்களையும் பார்ப்போம். பூங்கா நிலத்தில் மூர் மார்க்கெட், ரிப்பன் கட்டடம், விளையாட்டரங்கம் என ஒவ்வொன்றாக எழுந்தன, குளங்கள் மறைந்தன. தெற்கே பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்ப் படுகையிலேயே நடப்பட்டன. வடக்கே அனல் மின்நிலையங்களின் சாம்பல் எண்ணூர் கழிமுகத்தைத் தூர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் இதே பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக இறங்கி, எர்ணாவூர் வீடுகளிலும் மீனவர் வலைகளிலும் படிந்தது. இவற்றை நோக்கி ஆக்கிரமிப்பு என்ற விரல் அத்தனை எளிதில் நீள்வதில்லை.

அகற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும். இரண்டும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியவை. வெள்ளத்தைத் தடுக்க என்று சொல்லி, தண்ணீர் தேங்கும் இடத்துக்கே அனுப்பினார்கள். துறைமுகத்தில் விடியற்காலை மூட்டை தூக்கியவருக்கு வேலையும் போனது. பிள்ளைகளுக்குப் பள்ளியும் போனது.

2021-ல் கொசஸ்தலையாறு வடிநிலத்தின் மழைநீர் வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் அறிவித்தது. வடிகால் தேவைதான், முழங்கால் தண்ணீரில் நிற்பவர்கள் நாம்தான். ஆனால் தெருவில் எத்தனை கிலோமீட்டர் கான்கிரீட் போட்டாலும், அந்தத் தண்ணீர் கடைசியில் சேர வேண்டியது கால்வாயும் கழிமுகமும். அங்கே சாம்பல் அடைத்திருந்தால் தெருத்தண்ணீர் எங்கே போகும்?

ஆகவே மாணவத் தோழர்களே, அடுத்த முறை அகற்றல் அறிவிப்பு ஒட்டப்படும்போது நில வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். குடிசை பிடித்திருக்கும் சதுர அடியையும், சாம்பலும் துறைமுகமும் பிடித்திருக்கும் ஏக்கரையும் அருகருகே எழுதுங்கள். அகற்றல் பெரியதிலிருந்து தொடங்கட்டும். கரையில் இருப்பவருக்கு அதே பகுதியில், மேட்டு நிலத்தில், பட்டாவோடு மனை கொடுத்த பிறகு கால்வாயைத் தூர்வாரட்டும். அதை வெட்டிய வம்சம் கேட்கும் கூலிப் பாக்கி அது.