மிக்சிக்கு எந்த ஊர்?

கல்வராயன் மலை 1976-இல் ஜாகிர்தார்களின் கையைவிட்டு அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அதன்பின் 35 ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. குடும்ப அட்டைதான் கணக்கு. கீழே கள்ளக்குறிச்சி கடைவீதிக்கும் மலைமேல் வெள்ளிமலைக்கும் ஒரே அளவுகோல். சாமை குத்த உரலும் உலக்கையும் இருந்த மலைவீடுகளுக்கும் அப்படித்தான் மிக்சி போய்ச் சேர்ந்தது. அந்தப் பொருளின் பூர்வீகத்தைத் தேடினால் ஜெர்மனி வரை போகவேண்டும்.

மும்பையில் சீமென்ஸ் நிறுவனப் பொறியாளராக இருந்தவர் சத்ய பிரகாஷ் மாத்தூர். அவர் மனைவி மாதுரி புழங்கியது ஜெர்மனியின் பிரான் மிக்சி. நம் அரைப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் அதன் மோட்டார் எரிந்துபோனது. பழுதுபார்க்க இங்கே வழியில்லை. நீங்களே ஒன்று செய்து கொடுங்கள் என்றார் மாதுரி. 1963-இல் மாத்தூர் தொடங்கிய நிறுவனத்திலிருந்துதான் ‘சுமீத்’ மிக்சி வந்தது. மிக்சியின் வரலாற்றில் பாதிப் பெருமை மாதுரிக்குச் சேரவேண்டும் என்பேன்.

பிரானைக் குறைசொல்லிப் பயனில்லை. பழம் அடிக்கவும் முட்டை கலக்கவும் செய்த இயந்திரத்தில் காய்ந்த மஞ்சளையும் ஊறிய உளுந்தையும் போட்டால் என்ன ஆகும்? இங்கே வேண்டியது வேறு மோட்டார், கெட்டியான எவர்சில்வர் ஜார். நம் மிக்சியைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் சின்னதாக ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். சுமை மீறினால் அது மின்சாரத்தைத் துண்டித்து மோட்டாரைக் காப்பாற்றும். ஜாரும் மோட்டாரும் சேரும் இடத்தில் இருப்பது கப்ளர். ஜார் இறுகிக்கொண்டால் முதலில் தேய்வது அதுதான். சில ரூபாயில் மாற்றிவிடலாம்.

பிரான் பெயரோ கைமாறிக்கொண்டே போனது. 1921-இல் மாக்ஸ் பிரான் பிராங்பர்ட்டில் தொடங்கிய நிறுவனத்தை 1967-இல் அமெரிக்காவின் ஜில்லெட் வாங்கியது. 2005-இல் ஜில்லெட்டோடு சேர்த்து பிராக்டர் அண்ட் கேம்பிள் கைக்குப் போனது. 2012 முதல், பிரான் பெயரில் சமையலறைச் சாதனங்கள் செய்து விற்கும் உரிமை இத்தாலியின் டெலாங்கியிடம். ஜெர்மன் மிக்சி என்று நம்பி வாங்குபவர் உண்மையில் யாரிடம் வாங்குகிறார்?

நம் ஊரிலும் இதுவே நடந்தது. 1978-இல் சென்னையில் தொடங்கிய பிரீத்தியை 2011-இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் வாங்கியது. பத்தே ஆண்டில் பிலிப்ஸ் தன் வீட்டுச் சாதனப் பிரிவையே ஹில்ஹவுஸ் என்ற ஆசிய முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 2023-இல் அந்தப் பிரிவு வெர்சூனி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெட்டியில் பிலிப்ஸ் என்ற பெயர் உரிம ஒப்பந்தத்தால் நீடிக்கிறது. பிரீத்தியும் அந்தக் குடும்பத்தோடு போனது. பிரீத்தியை வளர்த்த மாயா அப்ளையன்சஸ் ‘விடியம்’ என்ற புதுப் பெயரில் மறுபடி மிக்சி செய்ய வந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது. பெயரை விற்றாலும் தொழில் தெரிந்த கை சும்மா இருக்குமா?

பட்டர்ஃபிளை மிக்சியின் கதையில் இன்னொரு முடிச்சு. 2022-இல் அதன் 55 சதவீதப் பங்கை 1,380 கோடி ரூபாய்க்கு வாங்கிய கிராம்ப்டன், ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. ஆனால் நிறுவனம் இந்தியாவில் நடப்பது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போன ஒரு குக்கரும் உண்டு. பிரிட்டனின் பிரஸ்டீஜ் பெயரில் ஓசூரில் ஆலை நடத்தும் டிடிகே, 2016-இல் பிரிட்டனின் ஹார்வுட் நிறுவனத்தையே வாங்கிய கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.