திருகோணமலை ஆட்டுக்குட்டிகளுக்கு அவரையினப் புரதம்: குழையின் பக்கம் ஒரு வாதம்

ஆட்டுக்குட்டித் தீவனத்தில் சோயாவுக்கு மாற்றுத் தேடும் ஆய்வுகள் பலவும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நடந்தவை. சோயாப் பிண்ணாக்கின் இடத்தில் எந்த விதையை வைக்கலாம் என்பதே அவற்றின் கேள்வி. பட்டாணியும் லூபினும் அதற்குக் கிடைத்த விடைகள். மேற்கு அவுஸ்திரேலியாவில் ஜோன் கிளாட்ஸ்டன்ஸ் கசப்பு நீங்கிய ‘யூனிவைட்’ என்ற லூபின் இனத்தை 1967இல் வெளியிட்டார். அதன் பின் அங்கே லூபின் விதை செம்மறித் தீவனமாகவே நிலைபெற்றது. அந்தக் கேள்வியை அப்படியே திருகோணமலைக்குக் கொண்டுவருவது பிழை என்பது என் வாதம். இங்கு அவரையினத்தின் விதை மனிதருக்கு உரியது. குட்டிக்கு உரியவை குழையும் கொடியும் தோலும்.

மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கங்களில் மேட்டுநிலத்தில் விளையும் கௌப்பி, பயறு, உழுந்து, கச்சான் எல்லாமே வீட்டுக்கும் சந்தைக்கும் போகின்றன. 2020இல் உழுந்து, பயறு, கௌப்பி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உழுந்தின் விலை தோசைக்கே எட்டாத உயரத்துக்கு ஏறியது. அத்தகைய தானியத்தைக் கிடாய்க்கு இடிக்கச் சொல்லும் பரிந்துரையை எந்த வீடும் ஏற்காது. ஏற்கவும் கூடாது. சோயாப் பிண்ணாக்கோ அந்நியச் செலாவணியோடு கட்டுண்டது. 2022இல் டொலர் வற்றியபோது தீவனம் வற்றியதையும் கண்டோம்.

இங்கே ‘குட்டி’ என்பது பெரும்பாலும் வெள்ளாட்டுக் குட்டி. யாழ்ப்பாணத்துச் செம்மறி போன்ற மரபு இந்த மாவட்டத்தில் வலுவாக இல்லை. இரைப்பையின் வேலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும். ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது: செம்மறி செம்புச் சத்தைத் தாங்காது. செம்பு கூடுதலாகச் சேர்ந்த கோழித் தீவனத்தைச் செம்மறிக் குட்டிக்குப் போடுவது மெதுவான நஞ்சு.

நம் வேலிக் கதியால்களில் முள்முருக்கும் சீமைக்கிளுவையும் அவரையின மரங்கள். கிளிரிசீடியா எனப்படும் சீமைக்கிளுவையின் இலையில், உலர்நிலையில், 20 முதல் 25 வீதம் வரை புரதம் உண்டு. கொக்கச்சத்தகத்தால் வெட்டிய குழையைப் பச்சையாகப் போட்டால் பழகாத குட்டி முகர்ந்துவிட்டு விலகும். இலையில் உள்ள கூமரின் வாசனையே காரணம் எனக் கருதப்படுகிறது. மாலையில் வெட்டி நிழலில் பரப்பி, மறுநாள் வாடிய குழையைத் தாயாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் சில நாட்களில் குட்டியும் கடிக்கத் தொடங்கும். ஆனால் வாட்டுவது வேறு, குவித்து வைத்துப் பூஞ்சணம் பிடிக்க விடுவது வேறு. பூஞ்சணம் பிடித்த குழையில் கூமரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளாக மாறுகிறது. மத்திய அமெரிக்காவில் இந்த மரத்தை எலி கொல்லப் பயன்படுத்தியதும் இந்தக் குணத்தால்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 15 கிலோ எடையுள்ள, பால் மறந்த குட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கிராம் உலர்பொருள் தின்னும். அதில் 15 வீதம், அதாவது 90 கிராம், புரதமாக இருந்தால் நம் நாட்டு ஆடுகளுக்குரிய வளர்ச்சி கிடைக்கும். 800 கிராம் பச்சைக் குழையில் உலர்பொருள் 200 கிராம், புரதம் ஏறத்தாழ 44 கிராம். காய்ந்த கௌப்பிக் கொடி 250 கிராமில் புரதம் 29 கிராம் அளவு. கோதுமைத் தவிடு 200 கிராமில் மேலும் 29 கிராம். கூட்டினால் 100 கிராமைத் தொடுகிறது. சோயா ஒரு பிடியும் இல்லை. குழையின் பங்கும் மூன்றில் ஒன்றுக்குள் நிற்கிறது. அதற்கு மேல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தவிடு இக்கணக்கில் வருவது வெறும் நிரப்பலாக அன்று. சீனக்குடாவில் 1980இல் இயங்கத் தொடங்கிய பிறிமா மாவு ஆலை இத்துறைமுகத்தைக் கோதுமைத் தவிட்டின் ஊற்றாக்கியது. ஆனால் தவிட்டை மட்டும் நம்பிக் கிடாயைக் கொழுக்க வைப்பவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. தவிட்டில் பொசுபரசு கால்சியத்தைப் போல் பல மடங்கு. அந்தச் சமமின்மையில் சிறுநீர்க்கல் உருவாகி, கிடாயின் ஒடுங்கிய சிறுநீர்க் குழாயில் சிக்குகிறது. சின்ன வயதில் நலமடித்த கிடாய்க்குக் குழாய் இன்னும் ஒடுக்கம். முதுகை வளைத்து முக்கி முக்கி நின்று, சொட்டுச் சொட்டாகவும் போகாமல், ஹஜ் பெருநாளுக்கு முன்பே அது செத்துவிடக்கூடும். அவரையினக் குழையிலும் கொடியிலும் கால்சியம் நிறைய உண்டு. மேற்சொன்ன கலவையில் கால்சியமும் பொசுபரசும் ஏறத்தாழ 2:1 என்ற, வேண்டிய விகிதத்துக்கு வருகின்றன. குழையைப் புரதத்துக்காக மட்டும் பேசும் கட்டுரைகள் இந்தப் பயனைக் கவனியாமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

எதிர்வாதம் வலுவானது. இலைப் புரதம் முதல் இரைப்பையிலேயே நுண்ணுயிர்களால் சிதைந்துவிடும். சிதையாமல் குடலை எட்டும் புரதம் சோயாவில் கூடுதல் என்பார்கள். நாளுக்கு 250 கிராம் வளர வேண்டிய ஐரோப்பியச் செம்மறிக்கு அது மெய். 60 முதல் 100 கிராம் வளரும் நம் ஆட்டுக்கு, நுண்ணுயிர்கள் தாமே ஆக்கித் தரும் புரதம் பெரும்பாலும் போதும். அதற்கு அவற்றுக்கு மாச்சத்து வேண்டும். கந்தளாய், கிண்ணியா நெல் ஆலைகளின் அரிசித் தவிடும் குறுணலும் அதைத் தரும். பால்குடிக் குட்டியின் நிலை வேறு. ஏறத்தாழ 8 வாரம் வரை இரைப்பை முதிராது. அந்த வயதில் குழையைப் பாலுக்கு மாற்றாக எண்ணுவது குட்டியைப் பட்டினி போடுவதாகும். புழு அரித்து விலைபோகாத கௌப்பியை இடித்துச் சிறிது கொடுப்பதானால் அந்தப் பருவத்தில்தான் கொடுக்க வேண்டும்.

இபில்-இபில் மரத்தைப் பற்றியும் ஒரு சொல். புரதம் மிகுந்த குழைதான், ஆனால் அதில் உள்ள மிமோசின் என்ற நஞ்சு மயிரை உதிர்க்கும், கழுத்துச் சுரப்பியை வீங்கச் செய்யும். ஹவாய் ஆடுகளின் இரைப்பையில் இந்த நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் இருப்பதை ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் கண்டறிந்தார். 1992இல் அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. நம் ஆடுகளில் அது இருக்கிறதா என்று பார்க்காமல் இபில்-இபிலைப் பரப்புவது பொறுப்பற்றது.

கொடி கிடைப்பது காலத்தைப் பொறுத்தது. மாரி விதைப்பின் அறுவடை தை, மாசியில் முடிய, கௌப்பிக் கொடியும் கச்சான் கொடியும் ஒரேயடியாகக் குவிகின்றன. புல் கருகும் ஆனி, ஆடியில் அவை தேவை. இலை உதிராமல் காயவைத்து, மழை படாத பரணில் ஏற்றுவதில்தான் புரதம் தங்குகிறது. குழையோ கோடையிலும் துளிர்க்கும், வேலி இருந்தால். கதியால் நின்ற இடங்களை முட்கம்பியும் மதிலும் எடுத்துக்கொண்டன. மறுபுறம், திருகோணமலையில் டோக்கியோ சீமெந்தின் 10 மெகாவாட் உயிர்த்திரள் மின்நிலையத்துக்கு உமியோடு சீமைக்கிளுவை விறகும் எரிபொருள். விறகுக்குத் தடி வெட்டுபவர் இலையை எரிப்பதில்லை, கழித்துப் போடுகிறார். அந்த இலையை ஆட்டுக்காரர் கையில் சேர்க்க எந்த ஏற்பாடும் தேவையற்றதுபோல் விட்டுவைத்திருக்கிறோம்.

கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடமும் மாகாணக் கால்நடைத் திணைக்களமும் இதில் செய்ய வேண்டியது பெரிய செலவில்லாதது. மேற்சொன்ன கலவையைக் கிண்ணியாவிலோ வெருகலிலோ வீட்டுக் கொட்டில்களில், தவிடு மட்டும் தின்னும் குட்டிகளோடு ஒப்பிட்டு, ஒரு முழுக் கோடை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். சிறுநீர்க்கல்லால் இழந்த கிடாய்களும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும்.