அழற்சிக் குறிப்பான்கள் (இதயத் தமனி நோய்)

இதயத் தமனி நோய் தொடர்பான அழற்சிக் குறிப்பான்கள் என்பன, தமனிச் சுவரில் நிகழும் நாட்பட்ட அழற்சியின் விளைவாகக் குருதியில் மிகுந்து காணப்படும் பொருட்கள் ஆகும். சி-எதிர்வினைப் புரதம் (சி.ஆர்.பி), இன்டர்லியூக்கின்-6, ஃபைப்ரினோஜன் ஆகியவை இவற்றுள் சில. மருத்துவ நடைமுறையில் பெரிதும் பயன்படுவது சி.ஆர்.பி ஆகும்.

அழற்சியும் அடைப்பும்

தமனி அடைப்பு கொழுப்புப் படிவதால் மட்டும் உண்டாவதில்லை. தமனியின் உட்சுவரில் புகும் கொழுப்பை வெள்ளணுக்கள் விழுங்கி, மேலும் வெள்ளணுக்களை ஈர்க்கும் வேதிப்பொருட்களை வெளியிடுகின்றன. அழற்சி மிகும்போது கொழுப்புப் படிவின் மேலுறை மெலிந்து கிழிகிறது. அவ்விடத்தில் குருதி உறைந்து மாரடைப்பு ஏற்படலாம். அழற்சியின்போது உருவாகும் இன்டர்லியூக்கின்-6, கல்லீரலைத் தூண்டி சி.ஆர்.பியைச் சுரக்கச் செய்கிறது.

வரலாறு

1930 ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் ஆகியோர், நிமோனியா நோயாளிகளின் குருதியில் சி.ஆர்.பியைக் கண்டறிந்தனர். நிமோனியாக் கிருமியின் 'சி' என்னும் சர்க்கரைப் பொருளுடன் வினைபுரிவதால் இப்பெயர் ஏற்பட்டது. நலமுடன் இருந்த ஆண்களுள் சி.ஆர்.பி மிகுந்தவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதை பால் ரிட்கர் குழுவினர் 1997 இல் காட்டினர்.

அளவுகள்

உயர் உணர்திறன் சி.ஆர்.பி சோதனைக்கு 2003 இல் அமெரிக்க இதயச் சங்கமும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமும் வகுத்த அளவுகள் (ஒரு லிட்டர் குருதிக்கு):

* 1 மில்லிகிராமுக்குக் கீழ் – குறைந்த இடர்
* 1 முதல் 3 மில்லிகிராம் வரை – நடுத்தர இடர்
* 3 மில்லிகிராமுக்கு மேல் – மிகுந்த இடர்

10 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் தொற்று போன்ற வேறு காரணம் இருக்கக்கூடும். எனவே சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

சென்னை ஆய்வுகள்

1996-97 இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வில், பங்கேற்றோருள் 11 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. பின்னர் மருத்துவர் வி. மோகன் குழுவினர் நடத்திய சென்னை நகர்ப்புற ஊரக நோய்ப்பரவலியல் ஆய்வின் ஒரு பகுதி 2005 இல் வெளியானது. வயது, பால் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும், சி.ஆர்.பி இதயத் தமனி நோயுடனும் நீரிழிவுடனும் தொடர்புடையதாக இருந்தது. நீரிழிவுடனான தொடர்பு உடற்கொழுப்பின் வழியே அமைவதாகத் தோன்றியது.

வரம்புகள்

சி.ஆர்.பி அடைப்பு எங்குள்ளது என்பதைக் காட்டாது. இடரை மதிப்பிட மட்டுமே உதவும். மூட்டு அழற்சி, உடற்பருமன், புகைப்பழக்கம் ஆகியவற்றாலும் இது உயரும். மரபணு ஆய்வுகளின்படி சி.ஆர்.பி நோய்க்குக் காரணம் அன்று, அறிகுறியே. ஆயினும் அழற்சியைக் குறைப்பது பயன் தரும் என்பதை 2017 இல் வெளியான கான்டோஸ் ஆய்வு காட்டியது. அதில் கானகினுமாப் என்னும் மருந்து மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகளை 15 விழுக்காடு குறைத்தது. ஆனால் உயிர்க்கொல்லித் தொற்றுகள் கூடின.

நெஞ்சுவலி ஏற்பட்டவருக்கு இச்சோதனை போதாது. உடனடியாக இ.சி.ஜி.யும் டிரோபோனின் சோதனையும் செய்ய வேண்டும். சி.ஆர்.பி இயல்பாக இருப்பது மாரடைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது.